இரண்டு இணையங்களும் ஒரு சந்தனப் பொட்டும்

என் மனைவியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இணையவழியே நடக்கவிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வரை எங்கள் வீட்டு இணையம் ஒழுங்காகவே இருந்தது. அதை இன்னும் ஒழுங்காக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறாள். அடையாற்றின் முகத்துவாரத்தில் உப்புநீரைக் குடித்து வளரும் ஒரு புல்லைப் பற்றி ஏழாண்டுகள் ஆராய்ந்தாள். அந்த ஏழாண்டுகளும் எங்கள் அபிராமபுரத்து வீட்டின் குளியலறையில் இருந்த இரண்டு வாளிகளுள் ஒன்று அப்புல்லுக்கு உரியதாயிற்று. மற்றொன்றில் துணி ஊறும் நாளில் நான் குழாயடியில் குவளை ஏந்திக் குளித்தேன். ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்தது இந்த ஒரு தேர்வு. அதை நடத்த வேண்டிய வெளித்தேர்வாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். வெள்ளிக்கிழமை விமானம் ஏறி மகன் வீட்டுக்குப் போகிறவர், ஆறு மாதம் கழித்தே திரும்புவார். வியாழக்கிழமை தவறினால் பட்டமும் ஆறு மாதம் தள்ளிப்போகும். நெறியாளர் அம்மையார் தொலைபேசியில் இதைத் தெரிவித்தபோது என் மனைவி அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பதற்றம் முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் அப்போது மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வாரி இயந்திரத்தின் பல் பட்டு, அகலக்கற்றை இணைப்பின் கம்பி அந்த மாதத்தில் இருமுறை அறுந்திருந்தது. தேர்வின் நடுவே மூன்றாம் முறை அறுந்தால் என்ன செய்வது என்று எண்ணி, மாற்று ஏற்பாடாகச் செல்பேசி வழி இணையம் தரும் டாங்கிள் ஒன்றை வாங்கத் தியாகராய நகருக்குப் போனேன். கட்டைவிரல் அளவே உள்ள கருவி அது. மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் சொருகினால் இணையம் வரும். பாண்டி பஜாரில் இருந்த கடைக்காரர் அதை உறையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சொருகுங்க சார், அவ்ளோதான். மீதிய அதுவே பாத்துக்கும்."

"வீட்டுல ஒய்ஃபை இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா பரவாயில்லையா?"

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. ரெண்டும் இன்னா சார், சண்டையா போட்டுக்கப் போவுது?"

அவர் சொன்னவற்றுள் முதற்பகுதி முற்றிலும் உண்மை. மீதியை அதுவே பார்த்துக்கொண்டது.

அன்று மாலை டாங்கிளைச் சொருகியதும் அதற்குள்ளிருந்த மென்பொருள் தானே எழுந்து, தன்னை 'மேனேஜர்' என்று அறிமுகம் செய்துகொண்டு, உரிம ஒப்பந்தம் ஒன்றை என் முன் விரித்தது. அச்சுக்குப் போகும் நூல்களைச் செப்பம் செய்வது என் தொழில். படிக்காமல் ஒரு வரியைக் கடந்துபோக எனக்குக் கை வராது. ஒப்பந்தத்தை முதல் வரி முதல் கடைசி வரை படித்தேன். முக்கால் மணி நேரமாயிற்று.

"இதை எழுதினவனே முழுசாப் படிச்சிருக்க மாட்டான்," என்றாள் என் மனைவி, காப்பியை வைத்துவிட்டு.

"பதினேழாம் பத்தியும் இருபத்திரண்டாம் பத்தியும் முரண்படறது."

"போய்ச் சொல்லுங்கோ. திருத்தறதுக்கு உங்களையே கூப்பிடுவா."

ஒப்பந்தத்தின் முடிவில் ஒரு சிறிய கட்டம் இருந்தது. 'இதன் வழியே இணைய முற்படும்போது மற்றக் கம்பியில்லா இணைப்புகளை அணைத்துவிடு' என்ற பொருள்பட ஒரு வாசகம். அதன் அருகே முன்பே இடப்பட்டிருந்த ஒரு டிக். அதை நான் எடுத்திருக்கலாம். அவ்வரியைப் படித்தேன், பொருளை உணர்ந்தேன், ஒன்று உழைக்கும்போது மற்றொன்று ஓய்வெடுப்பதே முறை என்று எனக்குள் பாராட்டவும் செய்தேன். பிறகு ஒப்புதல் கொடுத்தேன். ஒப்பந்தம் முழுவதையும் படித்த ஒரே மனிதன் நானாக இருக்கலாம். தெரிந்தே அகப்பட்டுக்கொண்ட ஒரே மனிதனும் நானாகவே இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அக்கட்டத்தை அடியோடு மறந்துபோனேன்.

திங்கட்கிழமை என் மனைவி தன் தோழியுடன் ஒத்திகை பார்க்க அமர்ந்தாள். எங்கள் வீடு தரைத்தளம். மூன்று பக்கமும் அடுக்ககங்கள். டாங்கிளுக்குக் கூடத்தில் சமிக்ஞை கிடைக்கவில்லை. மடிக்கணினியை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அடுப்பங்கரை மேடையில், மிக்சிக்கும் சன்னலுக்கும் இடையே ஒரு முழ இடத்தில் மட்டும் அது முழு வலிமையுடன் இயங்கியது.

"என் தீஸிஸை குக்கர் பக்கத்துல நின்னுண்டு டிஃபெண்ட் பண்ணணுமா?" என்றாள்.

"அன்னிக்கு ஒரு நாள் குக்கர் வைக்க வேண்டாம்."

"டாங்கிளைப் பிடுங்குங்கோ. ஒய்ஃபை போதும்."

பிடுங்கினேன். ஒய்ஃபை திரும்பவில்லை. திரையின் வலப்பக்க மூலையில் அதன் குறியின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி நின்றது. அவள் தன் செல்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் மடிக்கணினியின் கண்ணுக்குப் படவில்லை. காற்றில் வரும் எதையும் ஏற்பதில்லை என்ற விரதத்தில் அது இருந்தது. சிக்கலைக் கண்டறியும் வசதி ஒன்று கணினியிலேயே உண்டு. அதை அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று நெடுநேரம் ஊர்ந்தது. சிக்கலைக் கண்டறிய இயலவில்லை என்று அறிவித்துவிட்டு, இந்த உதவி பயனுள்ளதாக இருந்ததா என்று என்னைக் கேட்டது.

அப்போது நான் இரண்டு காரியங்கள் செய்தேன். திரையிலிருந்த மேனேஜரின் சின்னத்தை நீக்கினேன். சின்னம் போனால் ஆளும் போய்விட்டார் என்று நம்பினேன். அடுத்து, எங்கள் பகுதிக்குக் கம்பி இணைப்புக் கொடுப்பவரிடம் தொலைபேசியில் சற்றுக் கடுமையாகப் பேசினேன். அவர் மாலையில் சேற்றுக்காலோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"உங்க போன்ல வருதா சார்?"

"வருது."

"அம்மா போன்ல?"

"வருது."

"டிவில?"

"வருது."

"இந்தப் பொட்டி ஒண்ணுலதான் வரல. நம்ம லைன் பக்காவா கீது சார். பொட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா லைன்காரன் இன்னா பண்ணுவான்?"

"நேத்து வரைக்கும் வந்துதே."

"நேத்து அதுல இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல," என்றேன். கூடத்திலிருந்து என் மனைவி எங்களை எட்டிப் பார்த்தாள். 

செவ்வாய்க்கிழமை சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அன்று நூல்களை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மேலே பட்டுத்துணி போர்த்திப் பூஜை செய்வோம். அதன்பின் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் எதையும் படிக்கவோ எழுதவோ கூடாது. பிழைப்பு முழுவதும் மடிக்கணினிக்குள் போய்விட்டதால் சில ஆண்டுகளாக அதையும் நூல்களின் மேல் வைத்து வந்தேன்.

"இந்த வருஷம் வேண்டாம்," என்றாள் அவள். "அது வேலை செய்யல. ஸ்லைடு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. இன்னிக்கு யாரையாவது வரச்சொல்லிப் பாக்கலாம்."

"வருஷா வருஷம் வெச்சுட்டு, அதுக்கு ஒடம்பு சரியில்லாத வருஷம் வைக்காம விடலாமா?"

"சரி. நாளன்னிக்கு எக்ஸாமினர் கேள்வி கேக்கறச்சே சரஸ்வதியையே பதில் சொல்லச் சொல்லுங்கோ. நான் வடை தட்டப் போறேன்."

வைத்தேன். மூடிய மடிக்கணினியின் மேற்புறம் நடுவில் ஒரு பெரிய பொட்டு; நான்கு ஓரங்களிலும் கதவு நிலைக்கு இடுவதுபோல் ஒவ்வொரு பொட்டு. டாங்கிளை ஒரு வெற்றிலையின் மேல் கிடத்தி அதற்கும் ஒன்று வைத்தேன். கற்பூரம் காட்டும்போது, இரண்டு இணையங்களும் சமாதானமாகப் போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அந்த ஒரு பகலும் இரவும் மடிக்கணினி துணிக்கடியில் இருந்தது. அவள் அடுப்பங்கரையில் நின்றபடி, கையில் தாள் இல்லாமல், புல்லின் வேர் உப்பை வடிகட்டும் விதத்தைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் முதன்முறையாக ஒரு நடுக்கம் தெரிந்தது. அன்று இரண்டாம் கிண்ணம் பாயசம் நான் கேட்கவில்லை.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்ததும் பட்டுத்துணியை விலக்கி, காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத்துணியால் ஓரம் ஓரமாக அழுத்தித் துடைத்தேன். திறந்து பார்த்தேன். சிவப்புப் பெருக்கல் குறி நலமாக இருந்தது.

மேற்கு மாம்பலத்தில் ஓர் அப்பளக் கடைக்கு மேலே கணினி பழுது பார்க்கும் பெண் ஒருத்தி இருப்பதாக மாடி வீட்டுக்காரர் சொன்னார். நானும் என் மனைவியும் ஆட்டோவில் புறப்பட்டோம். ஆட்டோவின் முகப்பில் இருபுறமும் வாழைக்கன்றுகள் கட்டியிருந்தன. அவற்றின் இலைகளுக்கிடையே ஓட்டுநர் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சாலையைப் பார்த்தார். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். பாண்டி பஜாரில் தீபாவளித் துணி வாங்க வந்த கூட்டத்தில் அகப்பட்டு அரைமணி நேரம் நின்றோம். மடிக்கணினி அவள் மடியில் இருந்தது. என்னிடம் கொடுக்கவில்லை.

கடை ஓர் அறைதான். முப்பது வயது மதிக்கத்தக்க அப்பெண் சுரிதாரின் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, ஒரு கணினியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தாள். மேஜையின் நான்கு கால்களிலும், திருப்புளிகள் இருந்த தகரப் பெட்டியிலும் சந்தனம் இருந்தது.

"வாங்க சார். இன்னா கம்ப்ளைண்ட்?"

நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கினேன். வடிகால் பள்ளத்தை விவரித்துக்கொண்டிருந்தபோது அவள் என் மனைவியைப் பார்த்தாள்.

"டாங்கிள் சொருகினார். ஒய்ஃபை போயிடுத்து. நாளைக்குப் பதினொரு மணிக்கு எனக்கு எக்ஸாம்," என்றாள் என் மனைவி.

"அத்த சொல்லுங்க மொதல்ல," என்று அவள் திரையின் மூலையில், கடிகாரத்துக்கு அருகே இருந்த ஒரு சிறு அம்பைத் தட்டினாள். உள்ளே மறைந்திருந்த சின்னங்கள் வரிசையாக வெளிவந்தன. அவற்றின் நடுவில் மேனேஜர் அமர்ந்திருந்தார்.

"அவரை நான் எடுத்துட்டேனே," என்றேன்.

"நீங்க வாசல்ல கீற பேர்ப்பலகைய கழட்டினீங்க சார். ஆளு வூட்டுக்குள்ளதான் கீறாரு. டாங்கிள் எங்கடா எங்கடான்னு தேடிக்கினே, ஒய்ஃபை உள்ள வராம கதவப் புடிச்சுக்கினு நிக்கிறாரு." மேலும் இரண்டு இடங்களில் தட்டினாள். சிறிய கட்டம் ஒன்று திரையில் வந்தது. அதில் டிக். "இத யாரு போட்டது?"

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. "அது முன்னாடியே போட்டிருந்தது," என்றேன்.

"படிக்காமலே ஓகே குடுத்துட்டீங்களா? எல்லாரும் அப்டித்தான் சார்."

"இவர் படிச்சார்," என்றாள் என் மனைவி. "முக்கால் மணி நேரம் படிச்சார்."

அப்பெண் டிக்கை எடுத்தாள், மேனேஜரை மூடினாள், கணினி திறக்கும்போதெல்லாம் தானாக எழுந்துவரும் பட்டியலிலிருந்தும் அவரை நீக்கினாள். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாள். மூவரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்புப் பெருக்கல் குறி மீண்டும் வந்தது.

என் மனைவி நாற்காலியில் அமர்ந்துவிட்டாள். இதுவரை அவள் என்னைக் கேலி செய்ததெல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் என்பது அவள் அமர்ந்த விதத்தில் எனக்குத் தெரிந்தது. "ஏழு வருஷம்," என்று மட்டும் சொன்னாள்.

அப்பெண் மேஜை விளக்கை அருகில் இழுத்தாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கிச் சாய்த்து, விளக்கொளியில் அதன் விளிம்பை ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். நகத்தால் சுரண்டினாள். முகர்ந்தாள்.

"சார், பூஜைல வெச்சீங்களா?"

"ஆமா."

"இங்கயும் பொட்டு வெச்சீங்களா?"

"நாலு ஓரத்துலயும்."

"இங்க ஒரு சுவிட்ச் கீது. பழைய மாடல்ல கீறது. இத்த அந்தப் பக்கம் தள்ளுனா ஒய்ஃபை மொத்தமா ஆஃப். தொடச்சீங்க இல்ல, அப்போ சுவிட்சு நவுந்துருச்சு. ஈர சந்தனம் உள்ள போயி சிமெண்டு மாரி பூசிக்கிச்சு."

துப்பட்டாவிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, மஞ்சள் துகள்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தாள். சுவிட்சைத் தள்ளினாள். டிக் என்று ஒரு மெல்லிய ஓசை. ஒரு சிறிய விளக்கு நீல நிறத்தில் எரிந்தது. மூலையில் இருந்த பெருக்கல் குறி மறைந்து, மேற்கு மாம்பலத்தின் ஒய்ஃபைகள் அனைத்தும் திரையில் வரிசை வரிசையாக இறங்கின. என் மனைவி எழுந்து நின்று அப்பெயர்களைப் படித்துக்கொண்டே போனாள். ஆய்வேடு ஏற்கப்பட்ட கடிதத்தைக்கூட அவள் அவ்வளவு ஆசையாகப் படிக்கவில்லை.

"நாங்க மேஜைக்கு வெப்போம் சார். மிஷினுக்கு வெக்க மாட்டோம்," என்றாள் அப்பெண், ஊக்கைத் துடைத்தபடி. "ஒண்ணு கோளாறுன்னா கண்டுபுடிச்சுரலாம். ரெண்டு ஒண்ணுமேல ஒண்ணு ஒக்காந்துக்கினா கஷ்டம்."

வியாழக்கிழமை காலை எனக்கு ஒரு கட்டளை மட்டும் பிறப்பிக்கப்பட்டது: கூடத்து மூலையில் இருந்த பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரையில் நெறியாளரும் சக ஆசிரியர்களும் கூடிவிட்டார்கள். என் மனைவியின் படம் தெளிவாக இருந்தது. வெளித்தேர்வாளரின் கட்டம் மட்டும் இருண்டிருந்தது. பதினொன்று அடித்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பின்னர் நெறியாளர் தம் செல்பேசியில் பேசியதைத் திரை வழியே நாங்கள் கேட்டோம்.

"அப்படியா சார்… காலைல வரைக்கும் வந்துச்சா… எதுக்கு சார்… ஓ, சேஃப்டிக்கு."

அவர் திரையை நோக்கித் திரும்பினார். "சாருக்கு நெட் வரலையாம். லைன் போயிடுமோன்னு பயந்து காலைல டாங்கிள் ஒண்ணு சொருகினாராம். அதுல இருந்து ஒய்ஃபையே காணோமாம். டாங்கிள்லயும் சிக்னல் எடுக்கலையாம். பன்னெண்டுக்குள்ள வரலன்னா வேற தேதிதான் பாக்கணும்."

வேறு தேதி என்றால் ஆறு மாதம். என் மனைவி ஒலியை அடக்கிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த வாரத்தில் அவள் என்னை நோக்கிய பார்வைகளுள் அது ஒன்றில்தான் கேலி இல்லை. நெறியாளரிடம் எண்ணை வாங்கி, தன் செல்பேசியில் அழைத்து, என்னிடம் நீட்டினாள்.

"நேத்து அந்தப் பொண்ணு பண்ணினதை அப்படியே சொல்லுங்கோ. நீங்களா ஒண்ணும் சேக்க வேண்டாம்."

நான் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். தேர்வாளரின் குரலில் மூச்சிரைப்பு இருந்தது. அவரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்திருக்க வேண்டும்.

"மொதல்ல டாங்கிளைப் பிடுங்கிடுங்க சார்."

"பிடுங்கிட்டேன். அந்த ஐகானையும் எடுத்துட்டேன்."

"அது வெறும் பேர்ப்பலகை சார். ஆள் உள்ளதான் இருப்பார். கடிகாரத்துக்குப் பக்கத்துல சின்ன அம்பு தெரியறதா? தட்டுங்க."

தட்டும் ஓசை இரண்டு மூன்று முறை கேட்டது. "அட, இங்க இருக்கான்."

"செட்டிங்ஸ் போங்க. ஒரு கட்டம் வரும். அதுல டிக் இருக்கும்."

"இருக்கு. இதை நான் போடலையே."

"யாருமே போடறதில்ல சார். எடுத்துடுங்க. மேனேஜரை மூடிட்டு மெஷினை ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போடுங்க."

காத்திருந்தோம். என் மனைவி நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று முப்பத்தைந்து.

"இன்னும் சிவப்பாவே இருக்கே," என்றார் அவர்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. செவ்வாய்க்கிழமை லேப்டாப்பைப் பூஜைல வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"சந்தனம்?"

"கொஞ்சமா," என்றார் பேராசிரியர், வகுப்பில் பிடிபட்ட மாணவரின் குரலில். "ஆனா அதுக்கப்புறமும் நேத்தெல்லாம் வந்துதே."

"இன்னிக்குக் காலைல டாங்கிள் சொருகறதுக்கு முன்னால துடைச்சீங்களா?"

"துளைகிட்ட அடைச்சுண்டு இருந்தது. ஈரத்துணியால…" விளிம்பில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் சந்தனம் அடைத்திருக்கும், ஊக்கால் பெயர்த்துவிட்டுத் தள்ளுங்கள் என்றேன். செல்பேசியை மேஜையில் வைக்கும் ஓசை கேட்டது. "அம்மா, ஒரு சேஃப்டி பின் கொண்டா," என்று உள்ளே யாரிடமோ சொன்னார்.

பதினொன்று ஐம்பதுக்கு இருண்டிருந்த கட்டம் ஒளி பெற்றது. நெற்றியில் வியர்வையும், வலக்கை ஆட்காட்டி விரல் நுனியில் மஞ்சளுமாக வெளித்தேர்வாளர் தோன்றினார். வணக்கம் சொன்னார். தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் என்றார். அடுத்த ஒன்றரை மணி நேரம் அவர் புல்லைப் பற்றிக் கேட்டார். என் மனைவி ஒரு தாளையும் புரட்டாமல் பதில் சொன்னாள். வேர் எவ்வாறு உப்பை வெளியே நிறுத்திவிட்டு நீரை மட்டும் உள்ளே விடுகிறது என்ற இடத்துக்கு வந்தபோது அவள் குரலில் நடுக்கம் துளியும் இல்லை. நான் பிரம்பு நாற்காலியில் எதையும் தொடாமல் அமர்ந்திருந்தேன். முடிவில் நெறியாளர் அவள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று சேர்த்து அழைத்தார். வெளியே மண்வாரி இயந்திரம் அப்போதுதான் வேலையைத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெட்டி லட்டுடன் மேற்கு மாம்பலத்துப் படிகளில் ஏறினேன். அப்பெண் என்னைக் கண்டதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார், மறுபடியும் சொருகிட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். இம்முறை வடிகால் பள்ளத்தை விட்டுவிட்டேன். அவள் ஒரு லட்டை எடுத்துக் கடித்தவாறு கேட்டாள்.

"அந்தப் பெரியவரு இப்ப எங்க?"

"இந்நேரம் ஃபிளைட்ல இருப்பார்."

"டாங்கிள எடுத்துனு போயிருப்பாரா?"

யோசித்தேன். "எடுத்துண்டு போயிருப்பார்."

"அங்க போய் மவன் வூட்ல சொருகுவாரு," என்றாள். நெய் படிந்த விரல்களை மேஜையில் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் ஒரு துண்டுத் தாளில் தன் எண்ணை எழுதினாள். "இத்த அவருக்கு அனுப்பி வெய்யுங்க."